ரூட் 66-இல் மோட்டார் சைக்கிள் பயணம்: ஆவணம் முதல் வண்டியைத் திருப்பித் தருவது வரை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கி, எட்டு மாநிலங்களைக் கடந்து, பசிபிக் கடற்கரையிலுள்ள சாண்டா மோனிகாவில் முடிகிற ரூட் 66 நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 2,448 மைல், அதாவது 3,900 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தச் சாலையின் அழகைச் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்பும் ஒருவர் எந்தக் காகிதத்தை முதலில் வாங்க வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எந்தக் கவுன்ட்டரில் எதைக் கேட்டு நிறுத்துவார்கள் என்பதெல்லாம் தமிழில் ஓரிடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அலைந்து விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, அடுத்துக் கிளம்புபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குச் சாலை பெரிய சவால் இல்லை என்பதும், பயணம் முறிவது பெரும்பாலும் ஊரிலேயே சரிபார்த்திருக்க வேண்டிய காகிதங்களால்தான் என்பதும் என் கணிப்பு. ஆகவே கட்டுரையின் முதல் பாதி முழுக்க ஆவணங்களைப் பற்றியே இருக்கும்.

1. மாதத்தை முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மே மாதமும், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான காலமும் ஏற்றவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் செப்டம்பரையே சொல்வேன், ஏனெனில் வசந்த காலத்தில் மிசூரி, ஓக்லஹோமா, டெக்சஸ் பகுதிகளில் சுழல்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடிக்கடி வரும். ஜூலை, ஆகஸ்டில் மொஹாவி பாலைவனத்தில் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். வேலூர் வெயிலைப் பார்த்தவர்கள்தானே நாம் என்று எண்ண வேண்டாம். அங்கே ஒதுங்க ஒரு மர நிழல்கூட இல்லாமல் பல மைல் ஓட வேண்டியிருக்கும். குளிரையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அக்டோபர் தொடக்கத்திலேயே விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை நெருங்கிவிடும்.

பயணத்துக்குக் குறைந்தது 14 நாட்கள் ஒதுக்குங்கள். அப்போதுதான் நாளொன்றுக்கு 280 கிலோமீட்டர் அளவில், நின்று பார்த்துப் போக முடியும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் முழுச் சாலைக்கும் ஆசைப்படாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் வண்டி எடுத்து, அரிசோனாவின் கிங்மன், செலிக்மன் ஊர்களின் வழியாகச் சுமார் 160 மைல் அறுபடாமல் கிடைக்கும் பழைய சாலையில் ஓட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பித் தருவது செலவிலும் மிச்சம், அனுபவத்திலும் குறைவில்லை.

பின்னோக்கி எண்ணினால் வரிசை இப்படி அமையும்: முதலில் விசா, விசா கையில் வந்த பிறகு வண்டியும் விமானச் சீட்டும், கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, கடைசியாகக் காப்பீடு. இந்த வரிசையை மாற்றினால் பணம் முடங்கும். இந்தச் சாலை 1926-இல் எண் பெற்றது என்பதால் 2026 அதன் நூற்றாண்டு ஆண்டு. அந்த ஆண்டில் செல்பவர்கள் வண்டியையும் பெயர்பெற்ற பழைய மோட்டல்களையும் வழக்கத்தைவிட முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

2. விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தேவையானது பி1/பி2 என்ற சுற்றுலா விசா. டி.எஸ்.-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டணத்தைச் செலுத்தி, கைரேகைக்கு ஒரு நாளும் நேர்காணலுக்கு இன்னொரு நாளும் பதிவு செய்ய வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது. நேர்காணல் தேதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பின்னால் நிறுத்துங்கள். சென்னை துணைத் தூதரகத்துக்குள் கைபேசியைக் கொண்டுபோக முடியாது. அண்ணா மேம்பாலத்தருகே போய் நின்று கைபேசியை எங்கே வைப்பது என்று தவிப்பதைவிட, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

நேர்காணலில் பயண நோக்கத்தைக் கேட்டால், மோட்டார் சைக்கிளில் ரூட் 66 செல்ல விரும்புவதாக உள்ளபடியே சொல்லுங்கள். எத்தனை நாள், யார் செலவு, திரும்பி வந்து என்ன வேலை என்பதற்குத் தெளிவான பதில் இருந்தால் போதும். விசா வரும் முன் விமானச் சீட்டு வாங்கச் சொல்லி எந்த முகவராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. சுமார் 40 டாலர் செலுத்தி, எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதியைப் பெற்றாலே போதும்.

அமெரிக்காவில் இறங்கிய பிறகு, சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை எடுத்து, பெயரும் தங்கும் கெடுவும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல.

3. இனிஷியல் சிக்கலை ஊரிலேயே தீர்த்துவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம்மில் பலருடைய ஓட்டுநர் உரிமத்தில் பெயர் இனிஷியலோடு இருக்கும். கடவுச்சீட்டில் அந்த இனிஷியல் தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கடன் அட்டையில் இனிஷியல் முன்னால் வந்திருக்கும் அல்லது அறவே விடுபட்டிருக்கும். உரிமத்தில் ‘ரா. செல்வம்’, கடவுச்சீட்டில் ‘செல்வம் ராமசாமி’, அட்டையில் ‘செல்வம் ரா’ என்று இருந்தால், நமக்கு அது ஒரே ஆள் என்பதில் சந்தேகமே வராது. வாடகை நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருப்பவருக்கோ அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். அவர் கடவுச்சீட்டையும் உரிமத்தையும் அட்டையையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே ஒப்பிடுவார். குடும்பப் பெயர் எது என்று கேட்பார். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்ற விளக்கத்தை அவரால் கணினியில் ஏற்ற முடியாது.

கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் என்ற இடத்தில், பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். விமானச் சீட்டையும் வண்டிப் பதிவையும் கடவுச்சீட்டிலும் விசாவிலும் உள்ளதற்கு ஏற்பவே செய்ய வேண்டியிருக்கும்.

தீர்வு இதுதான். கடவுச்சீட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் பெயர்த் திருத்தம் செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வங்கியிடம் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் பொறித்த புதிய கடன் அட்டை கேளுங்கள். இரண்டும் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், விசாவுக்கு விண்ணப்பித்த நாளிலேயே இவற்றையும் தொடங்கிவிடலாம். உரிமம் பழைய அச்சுக் காகிதமாகவோ கைப்புத்தகமாகவோ இருந்தால், அதை ஸ்மார்ட் கார்டாக மாற்றிக்கொள்ளவும் இதுவே நேரம். டிஜிலாக்கரில் உள்ள பிரதியை நம் ஊர்ப் போக்குவரத்துக் காவலர் ஏற்றுக்கொள்வார். சிகாகோ கவுன்ட்டரில் அதற்கு மதிப்பில்லை.

4. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

இதை வழங்குவது உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டணத்தோடு சிறு சேவைக் கட்டணமும் செலுத்தி, குறித்த நாளில் நேரில் செல்ல வேண்டும். உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் ஆகியவை கட்டாயம். விசா நகலும் மருத்துவச் சான்றும் இனித் தேவையில்லை என்று 2021-லேயே விதி திருத்தப்பட்டுவிட்டபோதிலும், சில அலுவலகங்களில் பழக்கத்தால் இன்னமும் கேட்கிறார்கள். விதியைச் சுட்டிக்காட்டி வாதிட்டு இன்னொரு நாள் அலைவதைவிட, விசா நகல், பயணச்சீட்டு நகல், படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்வதே உத்தமம்.

அனுமதி வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுதான் செல்லும். விசா கிடைக்கும் முன்பே ஆர்வத்தில் வாங்கி வைத்தால், பயண நேரத்தில் காலாவதியாகிவிடும். புத்தகம் கையில் வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் ஏ, பி, சி என்று வாகன வகைகள் வரிசையாக இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு உரியது ஏ. அதற்கு நேரே முத்திரை இல்லாமல், காருக்கு உரிய பி-க்கு மட்டும் முத்திரை விழுந்திருந்தால், அந்தப் புத்தகத்தைக் காட்டி மோட்டார் சைக்கிள் எடுக்க முடியாது. உங்கள் இந்திய உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருந்தால்தான் ஏ முத்திரை கிடைக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பன்னாட்டு அனுமதி தனியாகச் செல்லாது. மூல உரிமமும் கூடவே இருக்க வேண்டும். ‘பன்னாட்டு உரிமம், பத்து ஆண்டு செல்லுபடி’ என்று இணையத்தில் விற்கப்படும் அட்டைகள் எந்த அரசும் வழங்குபவை அல்ல. அவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே குடியிருந்துகொண்டு இந்திய உரிமத்தில் ஓட்டலாம் என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் மாநில உரிமத்தில் மோட்டார் சைக்கிளுக்கான எம் வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையின் அடிப்படைப் பயிற்சியை முடித்தால், பல மாநிலங்களில் சாலைத் தேர்வு தள்ளுபடியாகிறது. பயிற்சிக்கான தற்காலிக அனுமதியை வாடகை நிறுவனங்கள் ஏற்பதில்லை.

5. வண்டியைப் பதிவு செய்தல்

பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய டூரிங் வண்டிகளின் நாள் வாடகை, பருவத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 150 டாலரிலிருந்து 250 டாலர் வரை இருக்கும். சிகாகோவில் எடுத்து லாஸ் ஏஞ்சலிஸில் தருவதற்கு ஒருவழிக் கட்டணம் தனி. அது சில நூறு டாலர்கள் வரும். இணையத்தில் முதலில் தெரியும் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். வரி, ஒருவழிக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைல் வரம்பு உண்டா, சாலையோர உதவி அடங்குமா, சக்கரம் பஞ்சரானால் யார் செலவு, எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்குத் தர வேண்டும் என்ற நான்கையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

வைப்புத்தொகைக்குக் கடன் அட்டைதான் வேண்டும். ஃபாரெக்ஸ் அட்டையும் டெபிட் அட்டையும் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. நீங்கள் எடுக்கும் காப்பீட்டைப் பொறுத்து, ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ அட்டையில் பிடித்து வைப்பார்கள். பணம் எடுக்கப்படாது, ஆனால் அந்த அளவுக்கு அட்டையின் வரம்பு முடங்கிவிடும். அதே அட்டையில் மோட்டல் செலவையும் செய்ய நினைத்திருந்தால் நடுவழியில் கையைப் பிசைய நேரும். இரண்டாவது அட்டை ஒன்று அவசியம். இரண்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியின் செயலியில் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த வண்டி என்பதில் ஒரு சொல். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. ஹார்லியின் ஸ்ட்ரீட் கிளைடு சுமார் 370 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது, சரளைக்கல் வாகனத் தளத்தில் திருப்பும்போது தெரியும். உயரமோ உடல் வலுவோ குறைந்தவர்கள் பெயருக்காகப் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நடுத்தர எடையுள்ள வண்டி இந்தச் சாலைக்குத் தாராளமாகப் போதும். பழைய வண்டியை அங்கேயே வாங்கி ஓட்டி விற்றுவிடலாம் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். பதிவு, முகவரி, காப்பீடு ஆகிய மூன்றும் சுற்றுலாப் பயணிக்கு எளிதில் அமையாதவை என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

வண்டியை எடுக்கும்போது டயர், கண்ணாடி, பெட்டிகளின் மூலை முடுக்குகள், எரிபொருள் அளவு, ஓடிய மைல் எண் எல்லாவற்றையும் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை ஒப்பந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

6. இரண்டு காப்பீடுகள், இரண்டும் வேண்டும்

வாடகையோடு வருவது மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அமெரிக்க மருத்துவச் செலவுக்கு அது எங்கும் காணாது. மூன்றாம் நபர் காப்பீட்டு வரம்பை உயர்த்தும் கூடுதல் திட்டத்தையும், வண்டிச் சேதத்துக்கான பொறுப்பைக் குறைக்கும் திட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வாடகையில் கணிசமான பங்காக வரும். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

உங்கள் உடலுக்கான பயண மருத்துவக் காப்பீடு தனி. இதில்தான் பெரிய பொறி இருக்கிறது. நம் ஊரில் விற்கப்படும் பல பயணக் காப்பீடுகளில், குறிப்பிட்ட சி.சி.-க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டும்போது ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி விலக்குகள் பகுதியில் இருக்கும். விற்பவர் வாய்மொழியாக எல்லாம் உண்டு என்பார். வண்டியின் சி.சி. அளவைக் குறிப்பிட்டு, இதை ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

7. செலவுக் கணக்கு

ஒருவர், 15 நாள் என்று வைத்துக்கொண்டால், வண்டி வாடகை, காப்பீடு, ஒருவழிக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து 3,500 முதல் 4,500 டாலர் ஆகும். மோட்டல் ஓர் இரவுக்கு 70 முதல் 150 டாலர். கணக்குக்கு 1,700 டாலர் வைக்கலாம். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 50 டாலர். பெட்ரோல்தான் எல்லாவற்றிலும் மலிவு: சுற்றுவழிகளையும் சேர்த்து 2,800 மைல் ஓடினாலும் ஏறக்குறைய 70 கேலன்தான் ஆகும், 350 டாலருக்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து சிகாகோ போய் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து திரும்பும் விமானச் சீட்டு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ரூபாய். இப்படிப் போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு என்று தனித்தனியே வாங்காமல், பல நகரங்கள் என்ற தெரிவில் ஒரே சீட்டாக வாங்குங்கள். விலை பெரும்பாலும் குறையும்.

விலைப்பட்டியலில் எழுதியிருப்பது வரி சேராத விலை என்பதையும், உணவகத்தில் 15 முதல் 20 விழுக்காடு பரிமாறுபவருக்கு வைப்பது வழக்கம் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊரிலிருந்து கிராண்ட் கேன்யன் போய்வர நினைப்பவர்கள், 2026 ஜனவரி முதல் அந்தப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் வாங்கப்படுவதையும் கவனிக்க வேண்டும்.

8. வழியைக் கண்டுபிடித்தல்

ரூட் 66 என்ற எண் 1985-இல் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கைபேசி வரைபடத்தில் சிகாகோ, சாண்டா மோனிகா என்று இரண்டு ஊர்களைக் கொடுத்தால், அது உங்களை இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் கொண்டுபோய் விட்டுவிடும். அவை ஒன்றன்பின் ஒன்றாக 55, 44, 40, 15, 10 என்ற எண்களைக் கொண்டவை. பழைய சாலை சில இடங்களில் இவற்றுக்கு இணையாகவும், சில இடங்களில் இவற்றுக்கு அடியிலேயே புதைந்தும், சில இடங்களில் திடீரென முட்டுச்சந்தாகவும் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லும் அச்சு வழிகாட்டி ஒன்றை வாங்கி, முந்தின இரவே மறுநாள் வழியை ஊர் ஊராகப் பிரித்துக் கைபேசியில் ஏற்றி, இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். பாலைவனப் பகுதியில் பல மைலுக்குச் சிக்னல் கிடைக்காது. பழுப்பு நிறத்தில் உள்ள ‘வரலாற்று ரூட் 66’ பலகைகள் உதவும். ஆனால் அவற்றை மட்டும் நம்ப முடியாது, நினைவுப் பொருளாகப் பலர் பிடுங்கிப் போய்விடுகிறார்கள்.

ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பழைய தடங்கள் இருப்பதும் உண்டு. நியூ மெக்சிகோவில் 1937-க்கு முந்தைய தடம் சாண்டா ஃபே நகரின் வழியாகச் சுற்றிச் செல்லும். பிந்தைய தடம் நேராக அல்புகர்க்கி போகும். நேரமிருந்தால் முன்னது. ஆனால் எல்லாப் பழைய தடத்தையும் தொட்டுவிட வேண்டும் என்ற பிடிவாதம் பெரிய வண்டிக்கு ஆகாது. டெக்சஸ் எல்லையிலுள்ள கிளென்ரியோவிலிருந்து நியூ மெக்சிகோவின் சான் ஹோன் வரையிலான பழைய தடம் மண்பாதை. மழை பெய்தால் சக்கரம் இறங்கிவிடும். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பதால், அங்கே இன்டர்ஸ்டேட் 40-இல் ஏறிவிடுங்கள். ஓக்லஹோமாவில் மயாமி, ஆஃப்டன் ஊர்களுக்கு இடையே வெறும் ஒன்பது அடி அகலத்தில் எஞ்சியிருக்கும் பழைய துண்டையும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும்.

அரிசோனாவின் ஓட்மன் மலைப்பாதைதான் மொத்தப் பயணத்திலும் ஓட்டுபவரைச் சோதிக்கும் இடம். கொண்டை ஊசி வளைவுகள் குறுகலானவை, பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. கொல்லிமலை ஏறிப் பழகியவர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைவில் வைக்க வேண்டும். ஊருக்குள் கழுதைகள் நடுச்சாலையில் நிற்கும், ஹாரன் அடித்தாலும் நகராது. காலையில் சீக்கிரமே கடந்துவிட்டால் கூட்டமும் வெயிலும் இல்லை. அடுத்து வரும் கலிபோர்னியாவில், அம்பாயைச் சுற்றியுள்ள பழைய சாலையின் சில துண்டுகள் பாலங்கள் சேதமடைவதால் மூடப்படுவதுண்டு; சான் பெர்னார்டினோ மாவட்டத்தின் சாலை அறிவிப்பை முந்தின நாள் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மேற்கு நோக்கிப் போவதால் மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். காலை ஏழுக்குக் கிளம்பி மாலை நான்குக்குள் தங்குமிடம் சேர்வது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகும். டெக்சஸின் வடமுனைச் சமவெளியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். லாரிகள் கடக்கும்போது கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைச் சற்றுக் குறையுங்கள்.

9. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டங்கள்

இல்லினாயில் தலைக்கவசம் கட்டாயமே இல்லை. கலிபோர்னியாவில் எல்லோருக்கும் கட்டாயம். இடையிலுள்ள மாநிலங்களில் வயதைப் பொறுத்து மாறும். குழப்பமே வேண்டாம், தொடக்கம் முதல் முடிவு வரை போட்டுக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. தரச்சான்று பெற்ற தலைக்கவசம்தான் செல்லும். நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை அங்கே கணக்கில் வராது.

சிக்னலில் நிற்கும் கார்களுக்கு இடையில் புகுந்து முன்னால் போய் நிற்கும் நம் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். இல்லினாயிலிருந்து நியூ மெக்சிகோ வரை அதை அனுமதிக்கும் சட்டம் இல்லை. அரிசோனாவில் நின்றிருக்கும் வாகனங்களுக்கு இடையே மெதுவாகச் செல்ல நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. கலிபோர்னியாவில் அனுமதி உண்டு. நிறுத்தப் பலகை இருந்தால், சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் கால் ஊன்றி முழுமையாக நிற்க வேண்டும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், நடுத் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வருபவரும் நிற்க வேண்டும். சிற்றூர் எல்லையில் வேக வரம்பு 55 மைலிலிருந்து சட்டென்று 30 மைலுக்கு இறங்கும், அங்கேதான் காவல் வண்டி காத்திருக்கும்.

பின்னால் விளக்கு சுழன்றால் வலப்பக்கம் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து, கைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள். காகிதங்கள் சட்டைப் பையில் இருந்தால், எடுக்கும் முன் சொல்லிவிட்டு எடுங்கள். அங்கேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். கஞ்சா இந்த வழியில் பல மாநிலங்களில் கடைகளில் விற்கப்படுகிறது. மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றம் என்பதால், விசாவில் வந்தவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஓக்லஹோமாவில் இன்டர்ஸ்டேட் 44-இன் பெரும்பகுதி சுங்கச் சாலை. பணம் வாங்க ஆள் இருக்க மாட்டார். வண்டி எண்ணைப் படம் பிடித்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் அட்டையில் எடுக்கும். பக்கத்திலேயே போகும் பழைய 66-க்குச் சுங்கம் இல்லை.

10. பெட்ரோல், சாப்பாடு, படுக்கை

பெட்ரோல் பங்கில் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அட்டையைச் செருகியதும் திரை ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். நம் ஆறு இலக்க பின்கோடை அது ஏற்காது. இரண்டு முறை தவறாக அழுத்தினால் வங்கி அட்டையை முடக்கிவிடவும் கூடும். திரையோடு போராடாமல் கடைக்குள் போய், பம்ப் எண்ணைச் சொல்லி, 20 டாலரைக் கொடுத்துவிட்டு வந்து போடுங்கள். மீதியைத் திரும்பத் தருவார்கள். ஆக்டேன் எண் 91 அல்லது அதற்கு மேற்பட்ட பெட்ரோலைத் தேர்ந்தெடுங்கள். பச்சை நிறக் கைப்பிடி பெரும்பாலும் டீசல் என்பதால் எழுத்தைப் படித்துவிட்டுத் தூக்குங்கள். செலிக்மனுக்கு மேற்கே, தொட்டி பாதியானதும் நிரப்புவது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காலை உணவு எளிது: பேன்கேக், உருளைக்கிழங்கு, முட்டை உண்பவருக்கு ஆம்லெட். நியூ மெக்சிகோவில் பச்சை மிளகாய்க் குழம்பு நம் நாக்குக்கு ஏற்றதாக இருந்தாலும், அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மோட்டலில் தரைத்தள அறையைக் கேட்டு, வண்டியைச் சன்னலுக்கு நேரே நிறுத்துங்கள். இந்தத் தடத்தில் பல மோட்டல்களை நடத்துபவர்கள் குஜராத்திலிருந்து வந்த படேல் குடும்பத்தினர். வரவேற்பறையில் ஊதுபத்தி வாசனை வந்தால் வியக்க வேண்டாம், சூடான தேநீர் கிடைக்க வாய்ப்பு உண்டு. வார இறுதிக்கு மட்டும் முன்பதிவு போதும். துக்கும்காரி, ஹோல்புரூக் போன்ற ஊர்களிலுள்ள புகழ்பெற்ற பழைய விடுதிகளுக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு வேண்டும். கோடையில் அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால், நியூ மெக்சிகோவிலிருந்து நுழையும்போது ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

11. சாண்டா மோனிகாவும் வண்டியைத் திருப்பித் தருவதும்

சான் பெர்னார்டினோவுக்குப் பிறகு சாண்டா மோனிகா வரை ஏறத்தாழ முழுக்க நகரம்தான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போக அரைநாளுக்கு மேல் ஆகும். அந்தக் கடைசி நாளிலேயே வண்டியைத் தந்துவிட்டு இரவு விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். கடற்பாலத்திலுள்ள முடிவுப் பலகையைப் பார்க்க, வண்டியை அருகிலுள்ள கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து போவது எளிது. ஓர் இரவு அங்கே தங்கி, மறுநாள் காலைக் கூட்ட நேரம் முடிந்த பிறகு, ஒப்பந்தத்தில் எழுதிய மணிக்குள் நிறுவனத்தை அடையுங்கள். ஒரு மணி தாமதித்தாலும் கூடுதல் வாடகை விழலாம்.

நிறுவனத்துக்கு அருகிலேயே தொட்டியை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிரப்பினால் கேலனுக்கு இரு மடங்குகூட வாங்குவார்கள். வண்டியை மீண்டும் காணொளியாக எடுத்து, சேதம் இல்லை என்று எழுதிய ஒப்படைப்புத் தாளைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையின் பிடிப்பு விலக இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். சுங்கக் கட்டணம் அதற்கும் பிறகு வரக்கூடும் என்பதால், ஊர் திரும்பியதும் அந்த அட்டையை ரத்து செய்யாமல், ஒப்பந்தத்தையும் காணொளிகளையும் ஆறு மாதமாவது வைத்திருங்கள்.